ஒன்பதாவது வெடி

சனிக்கிழமை சாயங்காலங்களில், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டின் புல்தரையில் உட்கார்ந்து நான் கதை சொல்கிறேன். 'மலைக்காரச் சிறுமியின் கதைகள்' என்று வாசலில் போர்டு வைத்திருக்கிறார்கள். அந்தச் சிறுமிக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. முட்டிவலி. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டும். ஆனாலும் தரையில்தான் உட்கார வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தால் கிராமத்து ஃபீல் வராதாம்.

மலை என்றதும் மூடுபனி, தேயிலை என்று நினைத்துவிட வேண்டாம். செங்கல்பட்டைச் சுற்றி மொட்டைப் பாறைக் குன்றுகள் இருக்கின்றனவே, அதில் ஒன்று. முள்ளும் கள்ளியும் தவிர எதுவும் முளைக்காது. அதன் இடுப்பில் நாற்பது வீடுகள். கீழே இருந்த கழனியெல்லாம் வேறு ஆட்களுடையது. நாங்கள் அதில் கூலிக்குப் போனவர்கள். ஊருக்குள் குடியிருக்க இடம் கொடுக்காததால் பாறைமேல் ஏறிக் குடிசை போட்டவர்கள். இதை நான் புல்தரையில் சொல்வதில்லை. "இயற்கையோடு வாழ்ந்தோம்" என்று சொல்வேன். சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கியவர்கள் தலையை ஆட்டிக்கொள்வார்கள்.

எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது மலையின் மறுபக்கத்தில் குவாரி வந்தது. கழனிக்கூலி குவாரிக்கூலியானது. தினம் மதியம் சாப்பாட்டு நேரத்தில்தான் வெடி வைப்பார்கள். ஆட்கள் சாப்பிடக் குவாரியை விட்டு மேலே ஏறி நிற்கும் நேரத்தை வீணாக்காமல் அந்த இடைவேளையில் பாறையைப் பிளந்துவிட வேண்டும் என்று முதலாளிக்குக் கணக்கு. பாறை எங்கள் பக்கமும் பறக்கும். முட்டை அளவு, தேங்காய் அளவு, ஒருமுறை அம்மிக்கல் அளவு. எங்கள் கூரைகளில் ஓட்டை இல்லாத கூரை கிடையாது.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. வெடிக்குக் கால்மணி நேரம் முன்னால் சிவப்புக் கொடிக்காரர் விசில் அடித்துக்கொண்டே எங்கள் தெருவில் வருவார். பெண்கள் அடுப்பைத் தணித்து, சோற்றுப்பானையைத் தட்டுப் போட்டு மூடி, அதன்மேல் ஒரு கல்லும் வைத்துவிட்டு வெளியே வருவார்கள். கைக்குழந்தை, ஆட்டுக்குட்டி, நடக்க முடியாதவர்கள் எல்லாரையும் தூக்கிக்கொண்டு மொத்தத் தெருவும் ஒரு பெரிய பாறைக்கு அடியில் இருந்த குடைவுக்குள் போய் உட்கார்ந்துவிடும். வெடி முடியும்வரை அங்கேதான். அரைமணி நேரம் ஆகும், சில நாள் ஒருமணி நேரம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தக் குடைவு பிடிக்கும். என் சின்ன வயதில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல இடம் அது. யாரும் வேலை செய்யாத, யாரும் யாரையும் விரட்டாத நேரம் அது ஒன்றுதான். பேன் பார்ப்பார்கள், வேர்க்கடலை உரிப்பார்கள், சண்டை போட்டவர்கள் வேறு வழியில்லாமல் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து பேசிவிடுவார்கள். பிள்ளைகள் அழாமல் இருக்க நான் கதை சொல்வேன். பன்னிரண்டு வயதில் நாற்பது வீட்டுப் பிள்ளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சுகம் இருக்கிறதே, அதற்காகத்தான் இன்றைக்கும் முட்டிவலியோடு தரையில் உட்காருகிறேன். எங்கள் தலைமேல் கல் விழுந்ததால்தான் எனக்கு அது கிடைத்தது.

வெடியை எண்ண வேண்டும். அதுதான் முக்கியம். அப்போதெல்லாம் பாறையில் மருந்து வைக்கும் குழிக்குக் குழி தனித்தனித் திரி. ஆள் ஓடிப்போய் ஒவ்வொன்றாகப் பற்றவைத்துவிட்டு வந்துவிடுவான். ஒன்று உடனே வெடிக்கும், ஒன்று நின்று வெடிக்கும். இன்றைக்கு எத்தனை குழி என்று கொடிக்காரர் சொல்லிவிட்டுப் போவார். வாயில் விசில் இருக்கும், அதனால் விரலைக் காட்டுவார். அத்தனை வெடியும் எண்ணி முடித்த பிறகு, எண்ணுகிறவர் "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒரு ஆடுகூட வெளியே போகும். முதலில் பெரியவர்கள்தான் எண்ணினார்கள். நான் வெடிச் சத்தத்தையே கதைக்குள் கொண்டுவரத் தொடங்கியதும் அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. முதல் வெடிக்கு ராஜாவின் கோட்டைக்கதவு உடையும், இரண்டாவதற்கு யானை விழும், இப்படி. பிள்ளைகளும் கூடவே எண்ணுவார்கள். பெரியவர்கள் நிம்மதியாகப் பேன் பார்க்கப் போய்விட்டார்கள்.

எதிரே இன்னொரு குன்று இருந்தது. வெடிச் சத்தம் அதில் மோதித் திரும்பி வரும். புதிதாக வந்தவர்கள் அதையும் ஒரு வெடி என்று நினைத்துவிடுவார்கள். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளை நினைக்காது. வெடி என்றால் உட்கார்ந்திருக்கும் பாறை வழியாக உள்ளங்காலில் ஏறும். எதிரொலி காதில் மட்டும்தான் கேட்கும். இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூட அது தெரியும்.

அப்போது கொடிக்காரராக இருந்தவர் எங்கள் மாமன் மகன். இருபத்திரண்டு வயது. என் அக்காவுக்கு முறை. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அக்காவுக்குப் பதினேழு. விசில் அடித்துக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் இரண்டு முறை கூடுதலாக அடிப்பார். அக்கா பானையை மூடுகிற சாக்கில் திரும்பி நின்று சிரிப்பாள். நான் கிண்டல் செய்தால் தலையில் குட்டுவாள்.

அன்றைக்கு அவர் குடைவின் வாசலில் வந்து நின்று, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் ஐந்தும் இன்னொரு கையில் நாலும் காட்டினார். ஒன்பது. நான் பார்த்தேன். மற்றவர்கள் அவரவர் பேச்சில் இருந்தார்கள்.

அன்று ஒரு ராட்சசன் கதை. மலை உச்சியிலிருந்து அவன் ஒவ்வொரு அடியாக இறங்கி வருகிறான். ஒரு வெடிக்கு ஓர் அடி. எட்டாவது வெடிக்கு அவன் குடிசை வாசலுக்கே வந்துவிட்டான். உள்ளே இருக்கும் சிறுமி கதவைத் திறக்கிறாள். பிள்ளைகள் ஒருவரும் மூச்சு விடவில்லை. பெரியவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவ்வளவு நன்றாக அதற்கு முன்னும் பின்னும் நான் கதை சொன்னதில்லை. ஒன்பதாவது வரவில்லை. காத்திருந்தால் கதை ஆறிப்போகும். அப்போது எட்டாவது வெடியின் சத்தம் எதிர்க்குன்றில் மோதித் திரும்பி வந்தது. உள்ளங்காலில் எதுவும் ஏறவில்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் ராட்சசன் செத்து விழுந்தான் என்று முடித்தேன். "ஆச்சு" என்றேன்.

அக்காதான் முதலில் எழுந்தாள். பாதி வெந்த சோறு அடுப்பில் இருந்தது. அவள் பத்துப் பதினைந்து அடி போயிருப்பாள். ஒன்பதாவது வெடித்தது.

இடது கண்ணும் அந்தப் பக்கத்துக் கன்னமும் போய்விட்டன. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தாள்.

அக்காவை மாட்டுவண்டியில் ஏற்றியதுமே தெருக்காரர்கள் என்னிடம் வந்தார்கள். எத்தனை என்று காட்டினான் என்று கேட்டார்கள். எட்டு என்றேன். யோசிக்கக்கூட இல்லை, வாயில் தயாராக இருந்தது மாதிரி வந்துவிட்டது. அவர் ஒன்பது ஒன்பது என்று கத்தினார். விரலை விரித்துக் காட்டினார். பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை, அல்லது பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் நாற்பது வீட்டு உயிரையும் ஒப்படைத்துவிட்டுப் பேன் பார்த்தோம் என்று ஒத்துக்கொள்வதைவிட, ஒருத்தனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று சொல்வது எல்லாருக்கும் வசதியாக இருந்தது. அவரை அடித்தார்கள். சொந்தக்காரர்கள்தான், சம்மட்டிக் காம்பால் அடித்தார்கள். இடது கால் உடைந்து கோணலாகக் கூடியது. குவாரியிலும் வேலையை விட்டுத் துரத்திவிட்டார்கள்.

அவர் அந்தக் காலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண் போனால் என்ன, பேசியபடி தையில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று தன் அம்மாவோடு வந்து சொன்னார். கட்டுப்போட்ட முகத்தோடு அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எண்ணத் தெரியாதவன் கையால் தனக்குத் தாலி வேண்டாம் என்றாள். கட்டில் கால்மாட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் படித்தேன், டீச்சரானேன், கல்யாணம் செய்துகொண்டேன். அக்கா யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. செங்கல்பட்டில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமைக்கிறாள். பின்னாலேயே ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். மலை இப்போது இல்லை. ஜல்லியாகப் போய்விட்டது. ஈசிஆர் ரோட்டுக்கு அடியிலும் அதில் கொஞ்சம் கிடக்கும். நான் ஸ்கூட்டியில் அதன்மேல்தான் கதை சொல்லப் போகிறேன்.

புல்தரையில் நான் சொல்லும் கதைகளில் அதிகம் கைதட்டு வாங்குவது இந்தக் குடைவுக் கதைதான். அதில் யாருக்கும் கண் போகாது. எட்டு வெடி. கேட்பவர்களும் கூடவே எண்ணுவார்கள். ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள், குழந்தையை மடியில் வைத்திருக்கும் அப்பாக்கள், எல்லாரும் எட்டு என்று கத்துவார்கள். கடைசியில் ஒரு கூழாங்கல் பறந்துபோய் அக்காவின் சோற்றுப்பானைக்குள் விழும். அன்று தெருவே கல்லுச்சோறு சாப்பிட்டது என்று முடிப்பேன். அப்படி முடித்தால்தான் ஜனம் சந்தோஷமாக டின்னருக்குப் போகும் என்று மேனேஜருக்கும் திருப்தி.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த ரிசார்ட்டுக்கு நான் முதல் முறை போனபோது, கேட்டில் நீல யூனிபாரத்தில் ஒரு செக்யூரிட்டி நின்றிருந்தார். அறுபதை ஒட்டியவர். நோட்டை எடுத்து வர மேசைக்கு நடந்தார். அந்த இடது கால். முகத்தைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவரும் நோட்டில் என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சல்யூட் வைத்து, "உள்ள போங்க மேடம்" என்றார். இரண்டு வருடமும் அப்படியே ஓடியது. அவர் சல்யூட் வைப்பார், நான் தலையை ஆட்டுவேன். புல்தரைக்கும் கேட்டுக்கும் நடுவில் நாலு தென்னைமரம்தான். எட்டு என்று ஜனம் கத்துவது அவர் காதில் விழாமல் இருக்காது. அதை யோசிக்காமல் இருக்க நான் பழகிக்கொண்டேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை கூட்டம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. சிரிப்பு வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் எனக்கு ஒரு வெறி வந்துவிடும். எழுந்து நின்று, கொடிக்காரர் எங்கள் தெருவில் எப்படி நடந்து வருவார் என்று நடித்துக் காட்டினேன். இடது காலைக் கோணலாக இழுத்து இழுத்து நடந்தேன். விரலை விரித்து எண்ணத் தெரியாமல் விழிப்பது மாதிரி முழித்தேன். ஒரே சிரிப்பு. ஒரு பையன் விசிலே அடித்தான். கொடி பிடித்த காலத்தில் அவருக்கு இரண்டு காலும் நேராகத்தான் இருந்தன. அந்த நடையை நான் கேட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

முடித்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் கேட்டைத் திறக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒம்போது, மேடம்" என்றார்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றேன்.

"நான் ஒம்போதுன்னுதான் காட்டினேன். ஒனக்குத் தெரியும் பாப்பா. நீ என்னியப் பாத்துகினுதான் இருந்த."

நாற்பது வருடம் கழித்து யாரோ என்னைப் பாப்பா என்று கூப்பிட்டார்கள். மாமா என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கதையில் எட்டு என்றே சொல்லிக்கொள், நொண்டியாகவே காட்டு, அது உன் பிழைப்பு, எனக்கு ஒன்றும் இல்லை என்றார். தனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றார்.

"ஒங்க அக்காவாண்ட மட்டும் ஒரு வாட்டி சொல்லிடு. அவ ஒருத்தி தெரிஞ்சிகினா போதும். எனக்கு எண்ணத் தெரியும்னு."

அவருக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, மனைவி தவறிப்போய், மகன் ஒரகடத்தில் வேலை செய்கிறான் என்பதெல்லாம் அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இத்தனைக்குப் பிறகும் அந்த ஒரு விஷயம் அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

மறுநாளே போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அதற்காகவும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா ஹாஸ்டல் பின்கட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல கண் பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். ஒத்திகை எல்லாம் மறந்துவிட்டது. எதிரொலி, உள்ளங்கால், ராட்சசன், எட்டு என்று சொன்ன பொய், ஆஸ்பத்திரியில் மூடியிருந்த வாய், எல்லாவற்றையும் அலங்காரம் இல்லாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் மோசமாகச் சொன்ன கதை அதுதான்.

அவள் கத்தியை நிறுத்தவே இல்லை. ஒரு கூடை பீன்ஸும் முடிந்த பிறகுதான் பேசினாள்.

"இத்த இன்னாத்துக்குடி இப்ப எங்கிட்ட சொல்ற?"

"உனக்குத் தெரியணும்னுதான்."

"நாப்பது வருசமா அந்த ஆளு மேலதான் எல்லாத்தயும் ஏத்தி வெச்சிகினு கீறேன். கண்ணு போனது, கல்யாணம் ஆவாதது, அம்மா அந்த ஏக்கத்துலயே செத்தது. அல்லாம் அவனாலதான்னு நெனச்சிகினே காலத்த ஓட்டிட்டேன். இப்ப அத்தயெல்லாம் எங்க எறக்கி வெக்கறது? ஒம்மேலயா? எனக்குன்னு கீறது நீ ஒருத்திதான்டி."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுகையை நிறுத்து, பிள்ளைகள் சாப்பிட வரும் நேரம் என்றாள். அவர் பார்க்க வரலாமா என்று கேட்டேன்.

"வேணாம். தெனம் சபிச்ச மூஞ்சி. அத்த எதிர்ல பாக்கற தெம்பு எனக்கு இல்ல. நீயும் கொஞ்ச நாளு வராத."

அடுத்த சனிக்கிழமை வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. கேட்டை நெருங்கும்போதே அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. சல்யூட் வைக்கவில்லை. சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன்.

"இன்னா சொன்னா?"

சொல்லியிருக்க வேண்டியது ஒரு வரிதான். தெரிந்துகொண்டாள், ஆனால் உங்களைப் பார்க்கத் தெம்பு இல்லை என்றாள். அவ்வளவுதான். அவர் கேட்டதும் அவ்வளவுதான். ஆனால் அவர் முகத்தை முன்னே நீட்டி, கழுத்தை லேசாகச் சாய்த்துக்கொண்டு நின்றார். குடைவில் பிள்ளைகள் அப்படித்தான் கேட்பார்கள். அப்படி ஒரு முகம் எதிரே இருந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

அழுதாள் என்றேன். உங்கள் பெயரைச் சொல்லி அழுதாள் என்றேன். அவர் கண் கலங்கியது. இன்னும் கொஞ்சம் சொன்னேன். விசில் சத்தம் கேட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பாளாம் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புக்கு இன்னும் ஒன்று கொடுத்தேன். ஒருமுறை உங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள் என்றேன். வீடு எங்கே என்று கேட்டார். ஹாஸ்டல் இருக்கும் தெருவைச் சொன்னேன். சொன்னால் மட்டும் போய்விடுவாரா, அறுபத்திரண்டு வயதில், இந்தக் காலோடு, என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு உள்ளே போனேன். அன்று கதை ரொம்ப நன்றாக வந்தது.

நேற்று நான் போனபோது கேட்டில் வேறு ஒரு செக்யூரிட்டி நின்றிருந்தார். அவரைக் காணோமே என்று கேட்டேன்.

"காலைல ஷிப்ட் முடிச்சிட்டு, ஷேவ் பண்ணிகினு, புதுச் சட்டையப் போட்டுகினு ஒரு மணி பஸ்ஸுக்கே செங்கல்பட்டு போயிட்டாரு மேடம். யாரோ சொந்தக்காரங்க கூப்ட்டு அனுப்பிச்சாங்களாம்."

தென்னைமரத்துக்கு அடியில் நின்று அக்காவுக்குப் போன் அடித்தேன். நாலாவது முறைதான் எடுத்தாள். பின்னால் ஹாஸ்டல் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"அந்த ஆளு வந்து ரெண்டு மணி நேரமா எதிர்ல ஒக்காந்துகினு கீறாரு. ஆரஞ்சு வாங்கியாந்து வெச்சிகினு சிரிச்சிகினே கீறாரு. எங்கிட்டயே, நீ கூப்ட்டன்னுதானே வந்தேன்றாரு. இன்னாடி சொல்லித் தொலச்ச அவராண்ட?"

புல்தரையில் மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அக்கா பதிலுக்காகக் காத்திருந்தாள்.